சமைக்காத சாப்பாட்டுக்கு மாறுறது: என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் கொழும்பு வெள்ளவத்தையில ஒரு பிளாட்டில இருக்கிறன், வீட்டில இவர், மாமி, ரெண்டு பிள்ளையள். 2022இல காஸ் சிலிண்டருக்கு லைன்ல நிண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பிளாட்டில விறகு வைக்க ஏலாது, கரண்டும் மணித்தியாலக் கணக்கில போகும், அப்ப ஒரு நேரமாவது அடுப்பு மூட்டாமல் சாப்பிடுவம் எண்டு தொடங்கின பழக்கம் காஸ் திரும்பி வந்த பிறகும் என்னை விடேல்ல. நடுவில ஒரு ஏழு மாசம் முழுக்க முழுக்கப் பச்சையாவே சாப்பிட்டன், அது எனக்கு ஒத்துவரேல்ல, அதையும் கீழ சொல்லுறன். இப்ப காலமையும் மத்தியானமும் பெரும்பாலும் சமைக்காதது, இரவைக்குச் சமைச்சது. இதைப் பார்த்திட்டு சொந்தக்காரர், பக்கத்து வீட்டு அக்காமார், இவரோட வேலை செய்யிறாக்கள் எண்டு எல்லாரும் ஒரே கேள்வியளத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கினம், அதால ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். நான் டொக்டர் இல்ல. ஏதாவது வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறாக்கள் முதல்ல மருந்து பற்றின கேள்வியப் பாருங்கோ, மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

பச்சை உணவு எண்டு எதைச் சொல்லுறது?

அடுப்பில வைக்காததை. இதைக் கடுமையாப் பிடிக்கிறாக்கள் 40இல இருந்து 48 டிகிரி வரைக்கும் சூடு படலாம், அதுக்கு மேல போனா சமைச்சதுதான் எண்டு ஒரு கோடு வச்சிருக்கினம், ஆளுக்காள் அந்தக் கோடு கொஞ்சம் மாறும். பழம், இலை, மரக்கறி, தேங்காய், ஊறவச்ச பயறு, கச்சான், எள்ளு, வெயில்ல காஞ்சது எல்லாம் இதுக்குள்ள வரும்.

எங்கட சாமான்கள் சிலது பச்சை மாதிரித் தெரியும், ஆனா இல்ல. கித்துள் பாணி காய்ச்சி எடுக்கிறது. கஜுக் கோதில இருக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கும், அதால பெரும்பாலும் சூடு காட்டித்தான் கோது உடைக்கிறது. அவல் நெல்லை ஊறவச்சு வறுத்து இடிச்சது. மாசி அவிச்சுக் காயவச்சது. நான் இதுக்கெல்லாம் கணக்குப் பார்க்கிறதில்ல, நீங்களும் பார்க்காதேங்கோ, தொடக்கத்திலயே இப்பிடி சட்டம் போட்டா ரெண்டு கிழமையில வெறுத்துப் போகும்.

சமைச்சா சத்துப் போயிடும் எண்டு சொல்லுறது உண்மையா?

பாதி உண்மை. விற்றமின் சீயும் ஃபோலேட்டும் சூட்டில குறையும், தண்ணியில அவிச்சு தண்ணிய ஊத்திறது எண்டா இன்னும் கூடப் போகும். அதால கொய்யா, நெல்லி, வல்லாரை, கறிமிளகாய் எல்லாம் பச்சையாச் சாப்பிட்டா லாபம்தான். ஆனா மற்றப் பக்கமும் இருக்கு. தக்காளிக்கு அந்தச் சிவப்பைக் குடுக்கிற லைக்கோபீன் சமைச்சாத்தான் உடம்பில நல்லாச் சேரும், கரட்டில இருக்கிற பீட்டா கரோட்டீனும் அப்பிடித்தான். பச்சைக் கரட்டைத் தேங்காய்ப்பூவோட சேர்த்துச் சம்பலாச் சாப்பிட்டா அந்தக் கொழுப்பு உதவி செய்யும், வெறும் கரட்டைக் கடிக்கிறதை விட அது நல்லம்.

"பச்சைச் சாப்பாட்டில உயிருள்ள என்சைம் இருக்கு, அதுதான் எங்கட சமிபாட்டைச் செய்யுது" எண்டு வீடியோவில சொல்லுவினம், அதை நம்பித் தொடங்காதேங்கோ. இலையில இருக்கிற என்சைமும் ஒரு புரதம்தான், வயித்தில இருக்கிற அமிலத்தில பெரும்பாலும் குலைஞ்சு போகும், சமிபாட்டுக்குத் தேவையானதை எங்கட உடம்பே சுரக்குது. எனக்குக் கிடைச்ச உண்மையான நன்மை வேற: ரோல்ஸ், பற்றிஸ், கொத்துரொட்டி, பணிஸ் எல்லாம் தானா விலகிப் போச்சு, நார்ச்சத்துக் கூடினதில மலச்சிக்கல் போச்சு, மத்தியானம் ரெண்டு மணிக்கு வாற நித்திரை போச்சு. பச்சையாச் சாப்பிட்டதாலயா இல்ல பொரிச்சதை விட்டதாலயா எண்டு கேட்டா ரெண்டாவதுக்குத்தான் கூடப் பங்கு எண்டு நினைக்கிறன்.

எங்க இருந்து தொடங்கிறது? எனக்குச் சலாட் எண்டாலே பிடிக்காது.

சலாட் வேண்டாம். இதுதான் நான் எல்லாருக்கும் முதல்ல சொல்லுறது. வெளிநாட்டுப் புத்தகத்தில இருக்கிற கேல், குயினோவா எல்லாம் தேடி சுப்பர்மார்க்கட்டில காசைக் கொட்டத் தேவையில்ல, எங்கட சோத்துக் கோப்பையில ஏற்கனவே ஒரு மூலையில பச்சை உணவு இருக்கு, அதுக்குப் பேர் சம்பல். வல்லாரைச் சம்பல், கரட் சம்பல், வெள்ளரிக்காய்ப் பச்சடி, வெங்காயமும் தக்காளியும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு தேசிக்காய்ப் புளி விட்டது, தேங்காய்ச் சம்பல், இதெல்லாம் அம்மம்மா காலத்தில இருந்து அடுப்புக் காணாமல் செய்யிற சாமான்தானே. நாங்கள் அதை ஒரு கரண்டி தொட்டுக்கொள்ள வச்சிருக்கிறம், நீங்கள் செய்ய வேண்டியது அந்த ஒரு கரண்டியைப் பெருப்பிக்கிறதுதான்.

நான் செய்த மாதிரிச் சொல்லுறன். முதல் ரெண்டு கிழமை சோறு கறி எல்லாம் வழமை போல, ஆனா சம்பல் ரெண்டு வகை, ஒவ்வொண்டும் ஒரு கைப்பிடி அளவு, அதை முதல்ல சாப்பிட்டிட்டுத்தான் சோத்தில கை வைக்கிறது. அடுத்த ரெண்டு கிழமை சோறு பாதி, சம்பல் பாதி. அதுக்குப் பிறகு காலமைச் சாப்பாட்டை மாத்தினன். ரெண்டு மாசம் போன பிறகுதான் மத்தியானத்தையும் மாத்தினன், அதுவும் கிழமையில மூண்டு நாள். அவசரப்பட்டு திங்கட்கிழமையில இருந்து எல்லாம் பச்சை எண்டு தொடங்கின என்ர தங்கச்சி வியாழக்கிழமை பிரியாணிப் பார்சலோட வந்து நிண்டவ. அவவில பிழை இல்ல, வயிறும் நாக்கும் பழகிறதுக்கு நாள் வேணும்.

உறைப்பு, புளி, உப்பு மூண்டும் இருக்கவேணும், இல்லாட்டி எங்கட நாக்குக்கு அது சாப்பாடு எண்டே தெரியாது. வல்லாரையை மிக நுணுக்கமா அரியவேணும், தடிப்பா அரிஞ்சா கசக்கும், மெல்லவும் ஏலாது. தேங்காய்ப்பூ தாராளமாப் போடுங்கோ. தேசிக்காயைச் சாப்பிடுறதுக்குச் சற்று முதல்ல பிழியுங்கோ, முந்தியே பிழிஞ்சு வச்சா இலை கறுத்து வாடிப்போகும்.

காலமை என்ன சாப்பிடுறது? பாண் இல்லாமல் பசி தாங்குமா?

வெறும் பப்பாப்பழம் மட்டும் சாப்பிட்டா தாங்காது, 100 கிராம் பப்பாப்பழத்தில 40 கலோரி அளவுதான் இருக்கு, ஒரு கோப்பை நிறையச் சாப்பிட்டிட்டு பத்து மணிக்குக் கை நடுங்கி கன்டீனில வடை வாங்கிறது அதாலதான். பழத்தோட கொழுப்பும் புரதமும் இருக்கவேணும். நான் இரவே ஒரு கைப்பிடி கச்சான் ஊறவைப்பன், காலமை ரெண்டு கதலி வாழைப்பழம், தேங்காய்ப்பூ, ஒரு கரண்டி எள்ளு, ரெண்டு பேரீச்சம்பழம் எல்லாத்தையும் பிசைஞ்சு சாப்பிட்டா மத்தியானம் ஒரு மணி வரைக்கும் பசிக்காது. அவகாடோ சீசன்ல அவகாடோவும் கொஞ்சம் தேசிக்காயும் உப்பும், சீனி போட்டு அடிக்கிறது வேண்டாம்.

தொடக்க நாளில அவல் நல்ல பாலம். அவலைத் தண்ணி தெளிச்சு ஊறவிட்டு தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் சேர்க்கிறது எங்கட வீடுகள்ல புதுசில்ல. 1900 ஆண்டளவில சூரிச்சில டொக்டர் மாக்ஸிமிலியன் பிர்ஹர்-பென்னர் தன்ர நோயாளியளுக்குக் குடுத்த மியூஸ்லியும் கிட்டத்தட்ட இதுதான், ஊறின ஓட்ஸ், துருவின அப்பிள், கொட்டை, எலுமிச்சை, அவ்வளவுதான். அதைப் பெட்டியில அடைச்சு விக்கிறதை வாங்கிறதை விட அவல் மேல்.

ரெண்டாம் நாள் தலையிடி தாங்கேலாமல் இருந்தது. நச்சு வெளியேறுதா?

இல்ல அக்கா, தேத்தண்ணி. நீங்கள் பச்சை உணவு தொடங்கின அண்டைக்கே தேத்தண்ணியையும் நிப்பாட்டி இருப்பீங்கள். ஒரு நாளைக்கு நாலு அஞ்சு பிளேன்டீ குடிக்கிற உடம்புக்கு கஃபீன் நிண்டா 12இல இருந்து 24 மணித்தியாலத்துக்குள்ள தலையிடி தொடங்கும், முதல் ரெண்டு நாளும் கடுமையா இருக்கும், சிலருக்கு ஒரு கிழமைக்கு மேலயும் இழுக்கும். அதால தேத்தண்ணியை விடுறதெண்டா கிழமைக்கு ஒரு கோப்பையாக் குறையுங்கோ, விடத்தான் வேணும் எண்டும் இல்ல. ஒண்டு மட்டும், சாப்பாட்டோட சேர்த்துக் குடிக்காதேங்கோ, இலையில இருக்கிற இரும்புச்சத்து உடம்பில சேரிறதைத் தேத்தண்ணி குறைச்சுப்போடும், ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கோ.

தலைச்சுத்து, களைப்பு எண்டா பெரும்பாலும் சாப்பாடு காணாது, இல்லாட்டி உப்புக் காணாது. உடம்பில இருக்கிற கழிவை அகற்றிறது ஈரலும் கிட்னியும், அதுகள் இரவு பகலா அந்த வேலையைத்தான் செய்யுதுகள். கெட்ட அறிகுறி எல்லாத்துக்கும் "நல்லது நடக்குது, பொறுத்துக்கொள்ளுங்கோ" எண்டு சொல்லுறாக்களிட்ட இருந்து தள்ளி இருங்கோ.

வயிறு ஊதுது, வாய்வு.

நார்ச்சத்தைத் திடீரெண்டு கூட்டினா அப்பிடித்தான். மெதுவாக் கூட்டுங்கோ, நல்லா மெல்லுங்கோ, தண்ணி குடியுங்கோ. கோவாவும் பச்சை வெங்காயமும்தான் கூட ஊதப்பண்ணும், ஒரு மாசம் தள்ளி வைக்கலாம். வயித்தால போய் அதோட காய்ச்சல் அல்லது ரத்தம் எண்டா அது பழகிற விசயம் இல்ல, கிருமி, உடனே டொக்டரிட்டப் போங்கோ.

மார்க்கட்டில வாங்கிற இலையை எப்பிடி நம்பிப் பச்சையாச் சாப்பிடுறது?

இந்தக் கேள்விதான் எனக்கு மிச்சம் முக்கியம், கொழும்பில இதைக் கவனிக்காட்டி வேற எதைச் செய்தும் பிரயோசனம் இல்ல. சமைக்கிற ஆளுக்கு அடுப்பு காவல், எங்களுக்கு அந்தக் காவல் இல்ல. வல்லாரை ஈரமான தாழ்ந்த நிலத்தில வாறது, கட்டுக்குள்ள சேறு, அட்டை, குட்டி நத்தை எல்லாம் ஒட்டி வரும். நத்தையில இருக்கிற ஒரு வகைப் புழு மனுசருக்குள்ள போனா மூளைக் காய்ச்சல் வரைக்கும் கொண்டுபோகும், குட்டி நத்தை தெரியாமல் இலையோட அரிபட்டு வாறதுக்குத்தான் பயப்படோணும். அதோட நெருப்புக் காய்ச்சல், வயித்துளைவு, மஞ்சள் காமாலையில ஒரு வகை, இதெல்லாம் ஊத்தைத் தண்ணியால வாறது.

நான் செய்யிறது இதுதான். அரிஞ்சு பையில போட்டு விக்கிற பொன்னாங்காணி, வல்லாரை ஒருநாளும் பச்சைக்கு வாங்கிறதில்ல, அது வறைக்கு மட்டும். முழுக் கட்டா வாங்கி, கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு இலையாப் பிரிச்சு, முதல்ல பைப்புக்குக் கீழ ஓடுற தண்ணியில கழுவுறது, பிறகு உப்பும் வினாகிரியும் போட்ட தண்ணியில கால் மணித்தியாலம், பூச்சி எல்லாம் மேல மிதந்து வரும், பிறகு திரும்ப ரெண்டு தரம் நல்ல தண்ணியில, கடைசித் தண்ணி கொதிச்சாறினது. உப்புத் தண்ணி பூச்சியைக் கழட்டும், கிருமியை முழுசாக் கொல்லாது, அதை மறக்கவேண்டாம். அதால வீட்டில ஆருக்கும் உடம்பு பலவீனம் எண்டா இலையைச் சுண்டித்தான் குடுப்பன். சின்னத் தொட்டியில வல்லாரை பல்கனியில நல்லா வரும், எனக்கு இப்ப பாதித் தேவைக்கு அதுவே காணும்.

வாங்கிறது எண்டா வெள்ளவத்தை மார்க்கட்டுக்குக் காலமை ஏழு மணிக்கு முதல்ல போறது நல்லம், பின்னேரம் வெயில்ல வாடினதுக்குத் தண்ணி அடிச்சு வச்சிருப்பினம், அந்தத் தண்ணி எங்க இருந்து வந்தது எண்டு ஆருக்கும் தெரியாது. கூட வாங்கிற கிழமைக்கு நாரஹேன்பிட்ட பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போவம். தோல் உரிக்கிற பழம்தான் எப்பவும் பாதுகாப்பு, வாழைப்பழம், பப்பாப்பழம், மாம்பழம், றம்புட்டான், ஆனா வெட்ட முதல்ல வெளியால கழுவுங்கோ, இல்லாட்டிக் கத்தியோட சேர்ந்து ஊத்தை உள்ள போகும். ரோட்டில வெட்டி அடுக்கி வச்சிருக்கிற அன்னாசி வேண்டாம். கொழும்புச் சூட்டில வெட்டினதை ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வெளியில வைக்காதேங்கோ.

மீன், முட்டை, பால் பச்சையா எடுக்கலாமா?

எங்கட சூட்டுக்கும் ஐஸ் நிலைமைக்கும் நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். மூண்டையும் சமைச்சே சாப்பிடுங்கோ, பாலைக் காய்ச்சியே குடியுங்கோ.

முளைப்பயறு நல்லம்தானே?

நல்லம், ஆனா எல்லாரும் நினைக்கிற மாதிரி ஆபத்தே இல்லாத சாமான் இல்ல. முளைக்கிறதுக்குத் தேவையான ஈரமும் சூடும் கிருமிக்கும் அதே மாதிரிப் பிடிக்கும். 2011இல ஜேர்மனியில முளைவிட்ட வெந்தயத்தால ஈ-கோலை கிருமி பரவி கிட்டத்தட்ட 4000 பேர் வருத்தமாகி 50 பேர் அளவில செத்தவை, சுத்தம் எண்டு பேர்போன நாட்டிலயே. கடையில பொலித்தீனில கட்டி வச்சிருக்கிற முளைப்பயறை நான் தொடுறதில்ல. வீட்டில எண்டா எட்டு மணித்தியாலம் ஊறவச்சு, தண்ணியை வடிச்சு, சுத்தமான துணியில கட்டி, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்காக் கழுவி, சின்ன வால் வந்த உடன சாப்பிடுறது இல்லாட்டிப் பிரிட்ஜில வைக்கிறது, கொஞ்சம் வழுவழுப்பு, மணம் மாறினா யோசிக்காமல் கொட்டுறது. வயசானாக்கள், கர்ப்பிணியள், சின்னப் பிள்ளையளுக்கு ஒரு கொதி விட்டுக் குடுங்கோ.

எதைப் பச்சையாச் சாப்பிடவே கூடாது?

மரவள்ளிக் கிழங்கு. அதில சயனைட் உண்டாக்கிற பொருள் இருக்கு, மூடாமல் அவிச்சுத் தண்ணியை ஊத்தோணும் எண்டு பெரியாக்கள் சொன்னது சும்மா இல்ல, இலையும் அப்பிடித்தான். சிவப்பு அவரை விதையை ஊறவச்சு முளைக்க வச்சும் சாப்பிடக் கூடாது, நாலு அஞ்சு விதையே சத்தியும் வயித்தோட்டமும் கொண்டுவரும், நல்லாக் கொதிச்சாத்தான் அந்த நஞ்சு போகும். சேப்பங்கிழங்கும் அதின்ர இலையும் தொண்டையை அரிக்கும். பச்சை பிடிச்ச உருளைக்கிழங்கு சமைச்சும் வேண்டாம்.

இன்னொண்டு, இது கனபேருக்குத் தெரியாது: தமரத்தங்காய், பிலிம்பி ரெண்டும். கிட்னி வருத்தம் இருக்கிறாக்கள் ஒரு பழமே தொடக் கூடாது, கிட்னி நல்லா இருக்கிறாக்களும் வெறும் வயித்தில கோப்பை கோப்பையா ஜூஸ் அடிச்சுக் குடிக்கக் கூடாது, அதில இருக்கிற ஒக்சலேட் கிட்னியை அடைச்சு விடும், இலங்கையிலயே அப்பிடி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கினம். சீனி குறையும் கொழுப்புக் குறையும் எண்டு ஆரோ சொன்னதைக் கேட்டு பிலிம்பி ஜூஸ் குடிக்காதேங்கோ. சம்பலுக்கு ஒரு காய் வெட்டிப் போடுறது வேற கதை.

புரதம் காணுமா?

கணக்குப் பாருங்கோ. 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 48 கிராம் அளவில வேணும். 100 கிராம் முளைப்பயறில 3 கிராம்தான், அப்ப அதை மட்டும் நம்பினா ஒண்டரைக் கிலோவுக்கு மேல சாப்பிடோணும், ஏலாது. 100 கிராம் கச்சானில 25 கிராம், கஜுவில 18 கிராம் அளவில இருக்கு, ஆனா அதைக் கூடச் சாப்பிட்டாக் கொழுப்பு ஏறும், காசும் போகும். இதாலதான் எங்கட வீட்டில இரவுச் சாப்பாட்டில பருப்பு, கௌப்பி, கடலை ஏதாவது ஒண்டு அவிச்சது கட்டாயம் இருக்கும். பருப்பு அவியிறது நல்ல விசயம், அதைப் பாவம் மாதிரிப் பார்க்காதேங்கோ. கச்சான் வாங்கேக்க பூஞ்சணம் பிடிச்சது, சுருங்கினது, கசப்பானது எல்லாத்தையும் பொறுக்கி எறியுங்கோ, அந்தப் பூஞ்சணத்தின்ர நஞ்சு ஈரலுக்குக் கூடாது.

பி12 மாத்திரை கட்டாயமா? இயற்கையாச் சாப்பிடுறனாங்கள்தானே.

மீன், முட்டை, பால் ஒண்டுமே இல்லாமல் இருக்கிறாக்களுக்குக் கட்டாயம், இதில நான் விட்டுக்குடுக்கமாட்டன். தாவரச் சாப்பாட்டில நம்பக்கூடிய பி12 இல்ல, ஸ்பைருலினா எண்டு விக்கிற பாசித்தூளில இருக்கிறதும் உடம்புக்கு உதவாத வேற வடிவம். ஈரல்ல வருசக் கணக்குக்கு இருப்பு இருக்கும், அதால முதல் வருசம் ஒண்டும் தெரியாது, "பாருங்கோ எனக்கு மாத்திரையே தேவைப்படேல்ல" எண்டு சொல்லிக்கொண்டு இருப்பினம், ரெண்டு மூண்டு வருசத்தில கால் விறைக்கும், மறதி வரும். இலை நிறையச் சாப்பிடுறதால ஃபோலேட் கூட இருக்கும், அது ரத்தச்சோகையை மறைச்சுப்போடும், நரம்பு மட்டும் உள்ளுக்குள்ள பழுதாகிக்கொண்டு போகும். ஜேர்மனியில பச்சை உணவுக்காரர் 201 பேரைப் பார்த்து 2005இல வந்த ஆய்வில 38 வீதமான ஆட்களுக்கு பி12 குறைவு. பாமசியில வாங்கலாம், அளவை டொக்டரிட்டக் கேளுங்கோ, வருசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாருங்கோ.

உப்பைப் பற்றியும் ஒரு சொல்லு. 1995இல இருந்து எங்கட நாட்டில உப்புக்கு அயடின் சேர்க்கிறது சட்டம், கழலை குறைஞ்சது அதாலதான். இயற்கை எண்டு சொல்லி ரோஸ் கலர் உப்புக்கு மாறினா அந்த அயடின் போயிடும். சாதாரண அயடின் உப்பையே பாவியுங்கோ.

100 வீதமும் பச்சைக்குப் போகலாமா? நீங்கள் ஏன் விட்டனீங்கள்?

போனன், ஏழு மாசம். முதல் மூண்டு மாசம் உடம்பு லேசா இருந்தது, எல்லாரும் மெலிஞ்சு வடிவா இருக்கிறாய் எண்டிச்சினம், எனக்கும் அது பிடிச்சிருந்தது. அஞ்சாம் மாசம் தலைமயிர் கொட்டத் தொடங்கினது, பீரியட்ஸ் ரெண்டு மாசம் வரேல்ல, மின்விசிறிக்குக் கீழ இருக்கேக்க குளிரும். எனக்கு அப்ப வழிகாட்டின ஒரு ஆள் "உடம்பு சுத்தமாயிட்டுது, அதுதான் ரத்தம் வரேல்ல, நல்ல அறிகுறி" எண்டு சொன்னவர், அதை நான் ரெண்டு மாசம் நம்பினன், இப்ப நினைச்சாலும் கோபம் வரும். கடைசியில ஒரு லேடி டொக்டரிட்டப் போனன், ரத்தச்சோகை, நிறை ஒன்பது கிலோ குறைஞ்சிட்டுது, சாப்பாடு காணாமல் உடம்பு தன்னைக் காப்பாத்த பீரியட்ஸை நிப்பாட்டினது எண்டு விளங்கப்படுத்தினா.

பிறகு வாசிச்சுப் பார்த்தா இது எனக்கு மட்டும் வந்தது இல்ல. ஜேர்மனியில கீசன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1999இல வெளியிட்ட ஆய்வில, பெரும்பாலும் பச்சையாவே சாப்பிடுற 500க்கு மேற்பட்ட ஆட்களைப் பார்த்தவை, சராசரியா மூண்டரை வருசத்துக்கு மேல இருந்தாக்கள், ஆம்பிளையள் 9.9 கிலோவும் பொம்பிளையள் 12 கிலோவும் குறைஞ்சிருந்தவை, 45 வயசுக்குக் கீழ்ப்பட்ட பொம்பிளையள்ல 30 வீதம் பேருக்குப் பீரியட்ஸ் குழம்பி அல்லது நிண்டு போயிருந்தது. பச்சை பங்கு கூடக் கூட இது கூடியிருக்கு. காந்தியும் 1929இல சமைக்காத தானியமும் பயறுமா சாப்பிட்டுப் பார்த்து, கடைசியில வயித்துளைவு வந்து நிப்பாட்டி ஆட்டுப்பாலுக்குத் திரும்பினவர், அவ்வளவு கட்டுப்பாடு உள்ள மனுசன்.

நான் சோறும் பருப்பும் திரும்பத் தொடங்கி மூண்டாம் மாசம் எல்லாம் ஒழுங்காயிட்டுது. அதால ஆர் கேட்டாலும் பாதி, கூடிப்போனா முக்கால் எண்டுதான் சொல்லுவன். பீரியட்ஸ் தவறினா, மயிர் கொட்டினா, நிறை நிக்காமல் இறங்கினா அண்டைக்கே சமைச்ச சாப்பாட்டைக் கூட்டுங்கோ, டொக்டரையும் பாருங்கோ.

சீனி வருத்தம், பிரஷருக்கு மருந்து எடுக்கிறன். மாறலாமா?

மாறலாம், ஆனா மருந்தை நீங்களா நிப்பாட்டக் கூடாது, கிளினிக்கில சொல்லிப்போட்டுத்தான் தொடங்கோணும். எங்கட மாமிக்குச் சீனியும் பிரஷரும். சோத்தைப் பாதியாக் குறைச்ச முதல் கிழமையே காலமை வேர்த்து விறுவிறுத்துப் போனா, சீனிக்கு எடுக்கிற க்ளிக்லசைட் மாத்திரை அதே அளவு, சோறு மட்டும் பாதி, சீனி இறங்கிட்டுது. நல்ல காலம் நான் பக்கத்தில நிண்டன், சீனித்தண்ணி குடுத்தன். பிறகு டொக்டர்தான் மருந்தைக் குறைச்சவர். இன்சுலின் எடுக்கிறாக்களுக்கும் இதே கவனம்.

லொசார்டன் மாதிரிப் பிரஷர் மாத்திரை சிலது உடம்பில பொட்டாசியத்தைக் கூட்டும், அதோட செவ்விளநீரும் வாழைப்பழமும் இலைச் சாறும் சேர்ந்தா, முக்கியமாக் கிட்னி பழுதான ஆட்களுக்கு, இதயத்துக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் வார்ஃபரின் எடுக்கிறாக்கள் திடீரெண்டு இலையைக் கூட்டினா மருந்தின்ர வேலை குறையும். சீனிக்கு எடுக்கிற மெட்ஃபோர்மின் மாத்திரையைக் கனகாலம் எடுத்தா பி12 குறையலாம், அவை ரத்தம் பார்க்கிறது இன்னும் முக்கியம்.

பிள்ளையளுக்கும் குடுக்கலாமா?

பழம், சம்பல், வெள்ளரிக்காய் எல்லாம் தாராளமா. ஆனா பச்சை உணவு மட்டும் எண்டு பிள்ளையள வளர்க்கக் கூடாது, வளருற வயித்துக்கு அவ்வளவு நாரை நிரப்பினா தேவையான கலோரி உள்ள போகாது. என்ர ரெண்டு பேரும் மூண்டு நேரமும் சமைச்சதுதான், கூடச் சம்பல். கர்ப்பிணியளும் பால் குடுக்கிற அம்மாமாரும் இந்தப் பரீட்சையைத் தள்ளி வைக்கோணும். ஒரு வயசுக்குக் கீழ தேன் நக்கக் குடுக்கவே வேண்டாம், அதில இருக்கக்கூடிய கிருமிக்குப் பிள்ளையின்ர குடல் ஈடுகுடுக்காது.

பிளெண்டர், ஜூசர், உலர்த்திற மெசின் எல்லாம் வாங்கோணுமா?

திருவலை, நல்ல கத்தி, அரிதட்டு. சாதாரண பிளெண்டர் இருந்தாப் பாவியுங்கோ. ஜூசர் நாரை எறிஞ்சுபோட்டு இனிப்பை மட்டும் தரும், காசை மிச்சம் பிடியுங்கோ.

ஒப்பிஸ், கல்யாண வீடு, கோயில் அன்னதானம் எண்டு வந்தா?

சாப்பிடுங்கோ. ஒப்பிசுக்கு இவர் கொண்டு போறது ஊறவச்ச பயறும் கரட்டும் தேங்காய்ப்பூவும் ஒரு டப்பா, தேசிக்காய் பாதி தனிய, போனதும் பிரிட்ஜில வைக்கிறவர். சைவக் கடைக்குப் போனா ரெண்டு இட்லியும் ஒரு பிளேட் பழமும். கல்யாண வீட்டில சொந்தக்காரர் முன்னால கையைக் கட்டிக்கொண்டு இருந்து அவையின்ர மனசை நோகப்பண்ண வேண்டாம், அடுத்த நாள் காலமை திரும்ப உங்கட கோப்பைக்கு வரலாம். கந்தசஷ்டிக்குப் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருந்து பழகின ஆட்களுக்கு ஒரு நேரம் சமைக்காமல் இருக்கிறது புதுசும் இல்ல.

செலவு கூடுமா?

கஜு மாதிரிக் கொட்டையளையும் அவகாடோவையும் சுப்பர்மார்க்கட்டில வாங்கினாக் கூடும். சீசனோட போனாக் கூடாது. வைகாசி, ஆனியில யாழ்ப்பாணத்து மாம்பழம் வரும், அதோட மல்வானை றம்புட்டான், வருசம் முழுக்கப் பப்பாப்பழமும் வாழைப்பழமும் தேங்காயும். தேங்காய் விலை ஏறினாத்தான் எங்களுக்கு அடி, அப்ப கச்சானைக் கூட்டித் தேங்காயைக் குறைப்பன். காஸ் எங்கட வீட்டில முந்தியை விட கூட நாள் நிக்குது.

மழை நாளில குளிரா இருக்கேக்க பச்சையாச் சாப்பிட மனமே வருகுதில்ல.

வராது, ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ள எனக்கும் வாறதில்ல. அண்டைக்கு ரசம் வையுங்கோ, இலைக்கஞ்சி காய்ச்சுங்கோ, வல்லாரைக் கஞ்சி எண்டா அந்தச் சத்தில கொஞ்சமாவது உள்ள போகும். இஞ்சியும் கொத்தமல்லியும் அவிச்ச தண்ணியும் குடிக்கலாம். மழை காலத்தில இலைக்குள்ள சேறும் நத்தையும் கூட வாறதால அந்த ரெண்டு மாசமும் நான் இலையைப் பச்சையா எடுக்கிறதே இல்ல, தோல் உரிக்கிற பழமும் தேங்காயும் வெள்ளரிக்காயும் மட்டும்தான், மிச்சம் எல்லாம் சுண்டல்தான்.